பெயின் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா?

"ஊசி போடாத நாளில் என்ன வேலை செய்வீர்கள்?"

வலி மருத்துவ ஃபெலோஷிப் (ரெசிடென்சி என்ற மேற்படிப்புப் பயிற்சிக்குப் பிறகு செய்யும் சிறப்புப் பயிற்சி) நேர்காணலுக்கு வருபவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கேட்டதும் சிலருக்கு முகம் மலர்ந்துவிடும். அவர்கள் கிளினிக்கில் உட்கார்ந்தவர்கள். சிலர் கொஞ்ச நேரம் திகைத்துவிட்டு, மறுபடியும் ஃப்ளூரோஸ்கோபி (எக்ஸ்ரே திரையைப் பார்த்து ஊசி போடும்) அறைக்கே பேச்சைத் திருப்புவார்கள். அவர்களும் திறமைசாலிகள்தான். ஆனால் வலி மருத்துவத்தின் பாதியை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் அமெரிக்காவில் மயக்கவியல் ரெசிடென்சி முடித்து, வலி மருத்துவத்தில் ஃபெலோஷிப் செய்தவன். இப்போது ஃபெலோக்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன், ஃபெலோஷிப்புக்கு வரும் விண்ணப்பங்களையும் படிக்கிறேன். அங்கே ரெசிடென்சியில் இருக்கும் தமிழ் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. படிவம் நிரப்புவது இதில் சின்னப் பகுதி. இந்த வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்பதை விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கமும் காட்ட வேண்டும். பெரிய பகுதி அதுதான்.

முதலில் கிளினிக்கில் போய் உட்காருங்கள்

இரண்டாம் வருடத்தில், விடுமுறை கிடைத்த ஒரு நாளில், வலி கிளினிக்கில் ஓர் அட்டெண்டிங்குடன் (பயிற்சி முடித்த, பொறுப்பு மருத்துவர்) உட்கார்ந்திருந்தேன். முதுகுத்தண்டில் இரண்டு அறுவை சிகிச்சை முடித்த ஒருவர் வந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கிடங்கில் வேலை பார்த்தவர், வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே பேசினார். நான் எம்ஆர்ஐ படத்தைத் திறந்துவைத்து, முதுகுத்தண்டின் எந்த மட்டத்தில் எபிடியூரல் ஊசி போடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அட்டெண்டிங் படத்தைப் பார்க்கவே இல்லை. "வலி பாதியாகக் குறைந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அவர் வெகு நேரம் யோசித்தார். "மகள் வீடு காரில் அரை மணி நேரம். போய்விட்டு வருவேன்" என்றார். "சரி, அப்போ அரை மணி நேரம் உட்காருவதுதான் நம் இலக்கு" என்று சொல்லி அதை அப்படியே குறிப்பில் எழுதினார். அன்றைக்கு ஊசி எதுவும் போடவில்லை. தூக்கம் எப்படி என்று விசாரித்தார், இரவு மாத்திரையை மாற்றினார், பிசியோதெரபிக்கும் வலி உளவியலாளரிடமும் அனுப்பினார். ஆறு வாரம் கழித்து அதே நோயாளி வந்தபோது இருபது நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். அந்த இருபது நிமிடம்தான் என்னை இந்தத் துறைக்குள் கொண்டுவந்தது.

அதனால் விண்ணப்பத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே, ரெசிடென்சியில் கிடைக்கும் வலி மருத்துவ ரொட்டேஷனைச் சீக்கிரமாக வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் எலெக்டிவாக இன்னொரு மாதம் கேளுங்கள். அதில் ப்ரொசீஜர் நாட்கள் மட்டும் இருந்தால் போதாது. புது நோயாளிகள் வரும் நாள், மறுபரிசோதனை நாள், வார்டில் நாள்பட்ட வலிக்காக ஆலோசனை கேட்டு அழைக்கும் நாள், புற்றுநோய் வலி பார்க்கும் நாள், எல்லாவற்றிலும் கொஞ்சமாவது இருங்கள். நீங்கள் பார்த்த நோயாளியை ஆறு வாரம், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். எபிடியூரல் போட்ட அன்று எல்லாரும் நன்றி சொல்வார்கள். அது எத்தனை நாள் தாங்கியது என்று மறுபடியும் வரும்போதுதான் தெரியும்.

ப்ரொசீஜர் அறையிலும் கண்ணைத் திறந்துவைத்திருங்கள். இடுப்புப் பகுதியில் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியைச் சாய்வாகத் திருப்பும்போது எலும்புகளின் நிழல் ஒரு நாய்க்குட்டி உருவமாகத் தெரியும். அதன் கண் எந்த எலும்புப் பகுதி, காது எது, ஊசி முனை எங்கே போய் நிற்க வேண்டும் என்று அட்டெண்டிங்கிடம் கேளுங்கள். முதுகெலும்பில் எல்4–எல்5 ஃபாசெட் மூட்டுக்கு வரும் நரம்புக்கிளைகள் எல்3, எல்4 இரண்டிலிருந்தும் வருபவை என்று தெரிந்துகொண்டு அந்தத் திரையைப் பார்த்தால் எல்லாம் வேறு மாதிரி புரியும். ஊசியை நீங்கள் பிடிக்க வாய்ப்பு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

எந்த ஃபெலோஷிப், யாருக்கு

ஏசிஜிஎம்இ (அமெரிக்காவில் மருத்துவப் பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற வலி மருத்துவ ஃபெலோஷிப் 12 மாதம். மயக்கவியல், பிஎம்ஆர் என்று நாம் சொல்லும் உடலியக்க மறுவாழ்வு மருத்துவம், நரம்பியல், மனநல மருத்துவம், அவசர மருத்துவம், குடும்ப மருத்துவம், கதிரியக்கவியல் ஆகிய துறைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மயக்கவியலும் பிஎம்ஆரும்தான் பெரும்பான்மை. மற்ற துறையில் இருப்பவர்கள் வாய்ப்பில்லை என்று நினைக்க வேண்டாம். ஆனால் உங்கள் துறையின் வாரியம் வலி மருத்துவத்துக்குத் துணைச் சான்றிதழ் தருகிறதா என்று முதல் வேலையாக அந்த வாரியத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தச் சான்றிதழுக்கான முதல் தேர்வை அமெரிக்க மயக்கவியல் வாரியம் 1993-இல் நடத்தியது. பிறகு மற்ற வாரியங்களும் சேர்ந்துகொண்டன. இன்றைக்கும் எந்தத் துறையிலிருந்து வந்தாலும் எழுதுவது மயக்கவியல் வாரியம் தயாரிக்கும் அதே தேர்வைத்தான். அதை எழுத, உங்கள் மூலத் துறையில் வாரியச் சான்றிதழும் அங்கீகாரம் பெற்ற ஃபெலோஷிப்பும் வேண்டும்.

இந்த இடத்தில் புதியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 'முதுகுத்தண்டு', 'இன்டர்வென்ஷனல்', 'ஸ்போர்ட்ஸ் அண்ட் ஸ்பைன்' என்ற பெயர்களில் பல பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றில் சில மிக நல்ல பயிற்சி தருபவை. ஆனால் ஏசிஜிஎம்இ அங்கீகாரம் இல்லாத ஒரு வருடத்தை முடித்துவிட்டு வலி மருத்துவ வாரியத் தேர்வு எழுத முடியாது. பின்னால் மருத்துவமனையில் அனுமதி வாங்கும்போதும் வேலை தேடும்போதும் இது குறுக்கே வரலாம். தெரிந்து தேர்ந்தெடுத்தால் சரி. தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏசிஜிஎம்இயின் இணையதளத்தில் எந்தப் ப்ரோகிராமின் அங்கீகார நிலையையும் யாரும் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை, பார்த்துவிடுங்கள்.

காலண்டரை இப்போதே மாட்டுங்கள்

விண்ணப்பம் ஈராஸ் என்ற இணைய அமைப்பு வழியாகப் போகிறது, மேட்ச் (இரு தரப்பின் விருப்பப் பட்டியலையும் வைத்து விண்ணப்பதாரருக்கு இடம் ஒதுக்குவது) என்ஆர்எம்பி என்ற அமைப்பு வழியாக நடக்கிறது. இரண்டும் தனித்தனி அமைப்புகள், தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும், கட்டணமும் தனித்தனி. ஈராஸில் எல்லாம் அனுப்பிவிட்டேன், மேட்ச்சும் அதிலேயே அடக்கம் என்று நினைத்து என்ஆர்எம்பி பதிவை மறப்பவர்கள் உண்டு.

வலி மருத்துவம் ஈராஸின் டிசம்பர் சுழற்சியில் வருகிறது. அதாவது, பயிற்சி தொடங்கும் ஜூலைக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் முன்பே விண்ணப்பம் தயாராக இருக்க வேண்டும். நேர்காணல்கள் அடுத்து வரும் மாதங்களில் நடக்கும், முடிவு இலையுதிர் காலத்தில் வரும். நான்கு வருட ரெசிடென்சியில் இருப்பவருக்கு மூன்றாம் வருட டிசம்பர் என்று கணக்கு. மூன்று வருடத் துறையில் இருப்பவர் இரண்டாம் வருடத்திலேயே அனுப்ப வேண்டும். அப்படியானால் வலி ரொட்டேஷனை அதற்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். பலருக்கு இடிப்பது இங்கேதான்: அட்டவணைப்படி வலி ரொட்டேஷன் விண்ணப்பத்துக்குப் பிறகுதான் வரும். தலைமை ரெசிடென்ட்டிடம் முன்கூட்டியே பேசி மாற்றிக்கொள்ளுங்கள். துல்லியமான தேதிகளை அந்தந்த ஆண்டுக்கான ஈராஸ், என்ஆர்எம்பி காலண்டரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். சீனியர் சொன்ன பழைய தேதியை நம்பி இருக்காதீர்கள்.

ஃபெலோஷிப் விண்ணப்பத்துக்கான ஆவணங்களை இஎஃப்டிஓ என்ற அலுவலகம் கையாளுகிறது. ஈராஸில் நுழைவதற்கான டோக்கன் அங்கிருந்துதான் வாங்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மதிப்பெண் பட்டியல், டீனின் கடிதம் எல்லாம் அதன் வழியாகத்தான் ஏறும். இந்தியாவிலோ இலங்கையிலோ படித்தவர்கள் கல்லூரி ஆவணங்களைக் கோடைக்காலத்திலேயே தேட ஆரம்பியுங்கள். ரெசிடென்சிக்கு அனுப்பிய நகல் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

கடிதங்கள்

ஒரு ப்ரோகிராமுக்கு நான்கு பரிந்துரைக் கடிதம் வரை அனுப்பலாம். பெரும்பாலான இடங்களில் மூன்று போதும், அதில் ஒன்று உங்கள் ரெசிடென்சி ப்ரோகிராம் டைரக்டரிடமிருந்து இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். இன்னொன்று கட்டாயம் வலி மருத்துவரிடமிருந்து. மூன்றாவது கடிதத்தை உங்களோடு இரவும் பகலும் வேலை பார்த்த யாரும் எழுதலாம்.

பெரிய பெயரைத் தேடி ஓடாதீர்கள். மாநாட்டு மேடையில் பேசும் ஒருவர் உங்களை இரண்டு நாள் பார்த்துவிட்டு எழுதும் ஒரு பத்தியைவிட, நோயாளி கத்தியபோது நீங்கள் எப்படி நின்றீர்கள் என்று அருகில் இருந்து பார்த்தவர் எழுதும் கடிதம் பத்து மடங்கு பேசும். நான் படிக்கும்போது கடிதத்தில் ஒரு சம்பவம் இருக்கிறதா என்று தேடுவேன். 'கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றுபவர்' என்று மட்டும் இருந்தால் எழுதியவருக்கு இவரைத் தெரியாது என்று புரிந்துகொள்வேன்.

கேட்கும்போது நேராகக் கேளுங்கள்: "எனக்கு வலுவான கடிதம் எழுத உங்களால் முடியுமா, சார்?" தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரிடம் போங்கள். ஒப்புக்கொண்டால் உங்கள் சிவி, ஸ்டேட்மென்ட்டின் வரைவு, அவரோடு சேர்ந்து பார்த்த இரண்டு மூன்று நோயாளிகளைப் பற்றி அடையாளம் இல்லாமல் ஒரு சிறு குறிப்பு, எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துவிடுங்கள். அப்படிச் செய்த கடிதத்துக்குத்தான் மதிப்பு.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். மூன்றாவது கடிதம் ஏறிவிட்டது என்று அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். நான் ஈராஸில் திறந்து பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது கடிதம் வந்தே சேரவில்லை. அதற்குள் சில இடங்களில் நேர்காணல் பட்டியல் முடிந்திருந்தது. கடிதம் வருவதற்கு முன்பே விண்ணப்பத்தை அனுப்பலாம், பிறகு கடிதத்தைச் சேர்க்கலாம், அதில் தடை இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு முறை உங்கள் கண்ணால் பாருங்கள். ஏறிய கடிதத்தை ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் ஒதுக்கினால்தான் அது அவர்களுக்குப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெர்சனல் ஸ்டேட்மென்ட்

ஒரு பக்கம். அதற்கு மேல் வேண்டாம்.

நான் படிக்கும் ஸ்டேட்மென்ட்களில் பெரும்பாலானவை இந்தத் தொனியில் தொடங்கும்: 'வலி என்பது மனித குலம் அனைவருக்கும் பொதுவானது. சிறு வயதிலிருந்தே பிறர் துன்பத்தைத் துடைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.' எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அதே ஆள் இப்படித் தொடங்கியிருந்தால்: 'ரேடியோ ஃப்ரீக்வென்சி சிகிச்சை (நரம்பைச் சூடாக்கி வலியைக் குறைப்பது) அவருக்குப் பலன் தரவில்லை. அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த நாற்பது நிமிடம் நாங்கள் என்ன பேசினோம் என்பதுதான் என்னை இந்தத் துறையில் நிறுத்தியது.' இதைப் படித்தால் நான் அடுத்த வரிக்குப் போவேன். ஒரு சிகிச்சை வேலை செய்யாததைச் சொல்லும் துணிச்சல் இருக்கிறது, அதற்குப் பிறகும் நோயாளியோடு இருந்த விவரம் இருக்கிறது.

ஒரு நோயாளி, ஒரு தருணம், அதில் நீங்கள் செய்த ஒரு முடிவு. இதை முதலில் எழுதுங்கள். அடுத்து, உங்கள் மூலத் துறை உங்களுக்குக் கொடுத்தது என்ன, இன்னும் கிடைக்காதது என்ன என்று சொல்லுங்கள். மயக்கவியலிலிருந்து வருபவருக்கு ஊசியும் மருந்தும் கை வந்திருக்கும். நோயாளி நடப்பதைப் பார்த்து எந்தத் தசை பலவீனம் என்று சொல்ல பிஎம்ஆர் ஆட்களிடம்தான் கற்க வேண்டும். பிஎம்ஆரிலிருந்து வருபவருக்கு மூச்சுக்குழாயையும் மயக்கத்தையும் பற்றிய பயம் இருக்கும். ஃபெலோஷிப் இந்த இடைவெளிகளை நிரப்பத்தான் இருக்கிறது. இடைவெளியை ஒப்புக்கொண்டு எழுதுபவரைக் கற்றுக்கொடுப்பவர்களுக்குப் பிடிக்கும். கடைசியில், ஃபெலோஷிப் முடிந்து எந்த மாதிரி நோயாளிகளைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று இரண்டு வரி.

ரெசிடென்சியில் விடுப்பு, தேர்வில் தோல்வி, இடையில் துறை மாற்றம் இருந்தால் இரண்டு வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டு நகருங்கள். மறைத்தால் நேர்காணல் முழுவதும் அதைச் சுற்றியே போய்விடும்.

எழுதி முடித்ததும் மருத்துவர் அல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் அந்த நோயாளியை நினைவில் வைத்திருந்தால் போதும்.

சிவி, ஆராய்ச்சி

ஒரு நல்ல கேஸ் ரிப்போர்ட், ஒரு போஸ்டர், கிளினிக்கில் தரமேம்பாட்டு வேலை ஒன்று, இவை போதுமானவை. ஆஸ்ரா, ஏஏபிஎம், நான்ஸ் போன்ற வலி மருத்துவம் சார்ந்த அமைப்புகளின் மாநாட்டில் ரெசிடென்ட்கள் போஸ்டர் வைக்கலாம், அங்கே மற்ற இடங்களின் ஃபெலோக்களிடம் நேரில் பேசவும் வாய்ப்பு கிடைக்கும். சிவியில் எழுதும் ஒவ்வொரு வரியைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேச உங்களால் முடிய வேண்டும். முடியாததை எடுத்துவிடுங்கள்.

எந்தப் ப்ரோகிராம்

பட்டியலை நீளமாக்குவதில் தப்பில்லை, ஆனால் ஈராஸில் எண்ணிக்கை கூடக்கூடக் கட்டணமும் ஏறும். உங்கள் ஊர், குடும்பம், விசா இவற்றை வைத்து முதலில் வடிகட்டுங்கள். பிறகு பெயரைப் பார்க்காமல் அந்த ஒரு வருடம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்.

இப்போதைய ஃபெலோவிடம் தனியாக நான் கேட்கச் சொல்வது இவைதான். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்? ப்ரொசீஜரில் ஊசி யார் கையில் இருக்கும், அட்டெண்டிங் கையிலா உங்கள் கையிலா? ஸ்பைனல் கார்ட் ஸ்டிமுலேட்டர் (தண்டுவடத்துக்கு மின்துடிப்பு தரும் கருவி) வைத்த நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்க்கிறீர்களா, இல்லை வைத்ததோடு சரியா? புற்றுநோய் வலி நோயாளிகள் எத்தனை பேர் வருகிறார்கள்? வலி உளவியலாளர் கிளினிக்கிலேயே உட்காருகிறாரா, வேறு கட்டடத்துக்குத் தாளில் எழுதி அனுப்புகிறீர்களா? ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து) வேண்டி வரும் நோயாளியை யார் பார்ப்பது? போன வருட ஃபெலோக்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?

உளவியலாளர் பற்றிய கேள்வியைச் சும்மா சேர்க்கவில்லை. மயக்க மருத்துவரான ஜான் போனிகா, சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், பல துறையினர் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1973-இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் உருவாகவும் அவரே காரணம். இந்தத் துறை பிறந்ததே அந்த எண்ணத்தில்தான். ஒரு ப்ரோகிராமில் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை ஃபெலோ சொல்லும் பதிலில் கண்டுபிடித்துவிடலாம். ஊசி எண்ணிக்கையை மட்டும் பெருமையாகச் சொல்லும் இடத்தில் ஒரு வருடம் இருந்தால் கை பழகும். எப்போது ஊசி போடக் கூடாது என்பது பழகாது.

விசாவில் இருப்பவர்களுக்கு

ஜே-1 விசாவில் இருப்பவர்களுக்கு, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான அமைப்பான இசிஎஃப்எம்ஜியின் ஆதரவு ஃபெலோஷிப்புக்கும் தொடரலாம். ஆனால் புதுப் பயிற்சிக்குச் சொந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்திடமிருந்து 'தேவைக் கடிதம்' புதிதாக வாங்க வேண்டும். அதில் துறையின் பெயர் சரியாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்துக்கு ஆகும் காலத்தை யாரும் உங்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது, மேட்ச் ஆனதும் மறுநாளே வேலையைத் தொடங்குங்கள். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் நாடு திரும்பும் நிபந்தனை அப்படியே நிற்கும். அதற்கு விலக்கு தரும் வேலைகளில் பல மாநிலங்கள் பொது மருத்துவத்துக்கே முன்னுரிமை தருகின்றன. இதையும் மனதில் வைத்து முடிவெடுங்கள்.

ஹெச்-1பி வேலை விசா தரும் ப்ரோகிராம்கள் குறைவு. ஒவ்வொரு இடத்திலும் ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிப் படியான ஸ்டெப் 3 முடிக்காமல் ஹெச்-1பி பேச்சே கிடையாது.

நேர்காணல்

அறிவைச் சோதிக்கும் தேர்வு மாதிரி இருக்காது. ஆனால் துறையில் நடப்பது தெரியாமல் போனால் பேச்சு சீக்கிரம் வறண்டுவிடும்.

ஓபியாய்டு பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். 2016-இல் சிடிசி (அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்) வெளியிட்ட ஓபியாய்டு வழிகாட்டுதலைப் பல இடங்களில் கறாரான வரம்பு போலப் பயன்படுத்தி, நீண்ட நாள் மருந்தில் இருந்தவர்களுக்குத் திடீரென்று குறைத்தார்கள். அதனால் நோயாளிகள் பட்ட பாட்டை 2019-இல் எஃப்டிஏ (மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) எச்சரிக்கையாகவே வெளியிட்டது. 2022-இல் சிடிசி புதுப்பித்த வழிகாட்டுதல், நோயாளிக்கு ஏற்ப முடிவெடுக்கவும் அவசரமாகக் குறைக்காமல் இருக்கவும் சொல்கிறது. இந்தக் கதையின் இரண்டு பக்கமும் தெரிந்து, நீங்கள் நேரில் பார்த்த ஒருவரைப் பற்றிப் பேசினால் போதும். 'நான் ஓபியாய்டு எழுதவே மாட்டேன்' என்பதும் பதில் இல்லை, 'கேட்டால் கொடுப்பேன்' என்பதும் பதில் இல்லை.

பாதுகாப்பைப் பற்றியும் வரும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கு ப்ரொசீஜருக்கு முன் என்ன செய்வது? ஆஸ்ரா வழிகாட்டுதல் ப்ரொசீஜர்களை ரத்தக்கசிவு அபாயத்தை வைத்து மூன்று அடுக்காகப் பிரிக்கிறது, ஸ்டிமுலேட்டர் சோதனை அதில் அதிக அபாயப் பிரிவு. மருந்தை நிறுத்தும் முன் அதை எழுதிய மருத்துவரைக் கேட்பேன் என்று சொல்லாமல் விடாதீர்கள். கழுத்துப் பகுதி ட்ரான்ஸ்ஃபோராமினல் ஊசியில் (நரம்பு வெளியே வரும் துளை வழியாகப் போடுவது) துகள் உள்ள ஸ்டீராய்டை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும்: துகள் ரத்தக்குழாயில் போய் அடைத்தால் தண்டுவடமோ மூளையோ பாதிக்கப்படலாம்.

வலி என்றால் என்ன என்றே சிலர் கேட்பார்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் தந்த வரையறையை 2020-இல் திருத்தியது. திசு சேதத்தோடோ, சேதம் வரக்கூடிய நிலையோடோ தொடர்புடைய, அல்லது அப்படிப்பட்டதைப் போன்ற, விரும்பத்தகாத புலன் அனுபவமும் உணர்ச்சி அனுபவமும் சேர்ந்ததுதான் வலி என்பது அதன் சாரம். கூடவே, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லாதபோது என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

கோபமாக வந்த நோயாளி, உங்கள் தவறால் நடந்த ஒன்று, சக ஊழியரோடு வந்த மோதல், இந்த மூன்றுக்கும் உண்மையான சம்பவங்களை முன்பே யோசித்து வையுங்கள். மனப்பாடம் வேண்டாம். வீடியோ நேர்காணல் என்றால் கேமரா கண் மட்டத்தில், வெளிச்சம் முகத்தில், போன் வேறு அறையில்.

ராங்க் லிஸ்ட்

மேட்ச்சுக்காக ப்ரோகிராம்களை உங்கள் விருப்ப வரிசையில் தரும் பட்டியல் இது. இங்கே தந்திரம் எதுவும் பலிக்காது, தேவையும் இல்லை. என்ஆர்எம்பியின் கணக்கு விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதன் இப்போதைய வடிவத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கு 2012-இல் பொருளாதார நோபல் (இன்னொருவரோடு பகிர்ந்து) கிடைத்தது. உங்களுக்கு உண்மையில் பிடித்த வரிசையில் போடுங்கள். எட்டாத இடத்தை முதலில் போட்டால் இரண்டாவது இடம் கைநழுவும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது, இந்த முறையில் அப்படி நடக்காது. போகவே விருப்பமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், மேட்ச் ஆனால் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

எங்களை எத்தனையாவதாகப் போடுவீர்கள், வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள் என்று ப்ரோகிராம் கேட்பது விதிக்குப் புறம்பானது. கேட்டால், "எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்திருக்கிறது" என்று சொல்லி நகர்ந்துவிடலாம்.

முடிவு வந்த பிறகு

மேட்ச் ஆகவில்லை என்றால் அன்றே, நிரம்பாத இடங்களின் பட்டியலைத் திறந்து நேராக எழுதுங்கள். ரெசிடென்சியில் இருப்பது போல இரண்டாம் சுற்று இங்கே கிடையாது, மின்னஞ்சலும் தொலைபேசியும்தான். அதிலும் அமையாவிட்டால் ஒரு வருடம் மூலத் துறையில் அட்டெண்டிங்காக வேலை பார்த்துக்கொண்டே மறுபடி விண்ணப்பிக்கலாம். அப்படி வந்தவர்களில் சிலர் நான் பார்த்த மிகச் சிறந்த ஃபெலோக்கள். நேர்காணல் தந்த இடங்களில் இருவரிடமாவது, எங்கே குறைந்தது என்று பணிவாகக் கேளுங்கள். பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

மேட்ச் ஆனவர்களுக்கு ஜூலைக்குள் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது. மாநில உரிமத்துக்கு மாதங்கள் ஆகும், முதலில் அதை அனுப்புங்கள். கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளை எழுத வேண்டிய டிஇஏ பதிவுக்கு, போதைப் பழக்கச் சிகிச்சை பற்றிய 8 மணி நேரப் பயிற்சி 2023 ஜூனிலிருந்து தேவைப்படுகிறது. ரெசிடென்சியிலேயே அதை முடித்ததற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்கி வையுங்கள். ப்யூப்ரெனார்ஃபின் (ஓபியாய்டு பழக்கத்துக்கும் வலிக்கும் தரும் மருந்து) எழுதத் தனி அனுமதி வேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை, அதனால் அதை எழுதப் பழகிக்கொண்டே வாருங்கள். அப்புறம், எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈயக் கவசத்தை உங்கள் அளவுக்குச் சொல்லிச் செய்துகொள்ளுங்கள், கழுத்துக் கவசமும் கண்ணாடியும் சேர்த்து. அது கைக்கு வந்து சேரச் சில வாரம் ஆகும்.